டீ பைக்குச் சொந்த எழுத்து தேவையா?

கேள்வி: கோத்தகிரிக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் தேயிலைத் தோட்டம் இருக்கிறது. பச்சை இலையை ஃபேக்டரிக்குப் போடுவது போக, சிறிதளவு கிரீன் டீயைக் கையால் உருட்டி, 100 கிராம் காகிதப் பைகளில் நாங்களே விற்கிறோம். பையில் உள்ள பெயரை என் அக்கா மகன் கம்ப்யூட்டரில் ஒரு ஃபாண்ட் போட்டு அடித்துக் கொடுத்தான். இப்போது பார்த்தால் வேறொருவரின் தேன் பாட்டிலிலும் அதே எழுத்து. மகள் ஏ.ஐ. செயலியில் ஒன்று செய்தாள், பார்க்க அழகு, ஆனால் எழுத்துப் பிழை. குன்னூர் பிரஸ்ஸில், சின்ன அளவில் அடித்தால் எழுத்து அடைத்துக்கொள்கிறது என்கிறார்கள். பெயருக்கென்றே தனியாக எழுத்து வரைந்து லோகோ செய்யலாம் என்று கோவையில் ஒரு டிசைனர் சொல்கிறார். அது உண்மையிலேயே தேவையா? அவரிடம் என்ன கேட்க வேண்டும்? வரைந்த பிறகு அது யாருக்குச் சொந்தம்? மலை, பனி, தேயிலைக் கொழுந்து மூன்றும் அதில் வர வேண்டும் என்று வீட்டில் சொல்கிறார்கள். பெயரில் வரும் ‘லை’யைப் பழைய துதிக்கை வடிவத்தில் போடலாமா என்று மகள் கேட்கிறாள். ஆங்கிலத்திலும் பெயர் வேண்டும். பழைய பைகளும் நிறைய மீதி இருக்கின்றன. தயவுசெய்து எங்கள் பெயரை வெளியிட வேண்டாம்.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்களுக்குத் தேவை என்றே நினைக்கிறேன். எல்லோருக்கும் இதைச் சொல்ல மாட்டேன். இலையை ஃபேக்டரிக்குப் போடுவதோடு நிறுத்திக்கொள்பவருக்கு லோகோவே தேவையில்லை. ஆனால் உங்கள் பை ஊட்டியிலும் குன்னூரிலும் கடைத் தட்டில் இன்னும் பல பைகளுக்கு நடுவே நிற்கிறது. எல்லாவற்றிலும் அதே பச்சை நிறம், அதே இரண்டு இலையும் ஒரு கொழுந்தும், பின்னால் அதே மலைக்கோடு. படத்தை வைத்து உங்கள் பையை ஒருவர் மறுபடி தேடிப் பிடிக்க முடியாது. பெயரை வைத்துத்தான் பிடிக்க முடியும். அந்தப் பெயரும் தேன் பாட்டில் மாதிரியே இருந்தால் எப்படி?

அக்கா மகன் மேல் குறை இல்லை. பவனம், மீரா இனிமை, ஹிந்த் மதுரை போன்ற தமிழ் ஃபாண்டுகள் திறந்த உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. லோகோவுக்குப் பயன்படுத்துவதற்கும் தடையில்லை. யாருக்கும் தடையில்லை என்பதால்தான் தேன்காரரும் அதையே எடுத்தார். ஒன்றை மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்: அக்கா மகன் எடுத்தது இப்படித் திறந்த உரிமம் உள்ளதா, அல்லது ஏதோ ஒரு டிடிபி கடை கம்ப்யூட்டரிலிருந்து காப்பி அடித்ததா? இரண்டாவது என்றால் இப்போதே அதை விட்டுவிடுங்கள்.

ஏ.ஐ. படத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அது எழுத்தைப் போல ஒன்றை வரைகிறது. கொம்பு இருக்க வேண்டிய இடத்தில் கால் இருக்கும், இல்லாத புள்ளி முளைக்கும். மகளின் படத்தை டிசைனரிடம் காட்டி, இந்த மாதிரி ஒரு உணர்வு வேண்டும் என்று சொல்வதற்கு வைத்துக்கொள்ளலாம்.

இனி முக்கியமான விஷயம். டிசைனரிடம் போவதற்கு முன்னால் உங்கள் பெயரை நீங்களே ஒரு தாளில் பென்சிலால் பெரிதாக எழுதிப் பாருங்கள். அதில் எத்தனை உருவங்கள் இருக்கின்றன, எவை திரும்ப வருகின்றன, எது மேலே ஏறுகிறது, எது கோட்டுக்குக் கீழே இறங்குகிறது என்று பாருங்கள். உங்கள் பெயரை இங்கே எழுத முடியாது. அதனால் ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்கிறேன்: கோத்தகிரி.

இலக்கணப்படி ஐந்து எழுத்து. கண்ணுக்கு ஏழு உருவம்: இரட்டைக் கொம்பு, க, கால், புள்ளி வைத்த த், வெறும் த, கி, ரி. இடது பக்கம் பெயர் தட்டையாகத் தொடங்குகிறது. நடுவில் இரண்டு ‘த’வின் வால்களும் அடுத்தடுத்துக் கீழே இறங்குகின்றன. வலது பக்கம் இரண்டு கொக்கிகள் ஒன்றன்பின் ஒன்றாக மேலே வளைகின்றன. இதுதான் இந்தப் பெயரின் முகவெட்டு. இதே ஊரைக் கொடைக்கானல் என்று மாற்றிப் பாருங்கள், முகவெட்டே வேறாகிவிடும்: மேலே கொக்கி கிடையாது, கொம்புகளும் கால்களும் வரிசையாக நிற்கும், பெயர் நீளமாகிவிடும். இரண்டுக்கும் ஒரே பாணி பொருந்தாது. ஃபாண்ட் செய்பவர் ஒவ்வொரு எழுத்தும் எந்த எழுத்தின் பக்கத்தில் வந்தாலும் ஒத்துப்போகும்படி பொதுவாகச் செய்ய வேண்டியிருக்கிறது. உங்களுக்காக வரைபவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அவர் இந்த ‘கி’யை இந்த ‘ரி’க்குப் பக்கத்தில் நிற்பதற்காக மட்டும் வரையலாம். நீங்கள் பணம் கொடுப்பது இதற்குத்தான்.

கோத்தகிரியில் நானாக இருந்தால் விளையாடும் இடம் இரண்டு ‘த’. வால்களை ஒன்றுக்குள் ஒன்று அடங்கும்படி செய்யலாம், அல்லது முதல் வாலைக் குட்டையாக்கி இரண்டாவதை நீட்டிப் பெயருக்கு அடிக்கோடு போல இழுக்கலாம். இரண்டு கொக்கிகளையும் ஒரே சாய்வில் வைத்தால் பெயரின் முடிவில் ஒரு தாளம் வந்துவிடும். இரண்டு இடத்தில் ‘க’ வருகிறது. அவை ஒன்றுக்கொன்று சொந்தமாகத் தெரிய வேண்டும், ஆனால் ஒன்றை அப்படியே நகலெடுத்து ஒட்டக் கூடாது. கொம்புக்கும் காலுக்கும் நடுவில் நிற்கும் ‘க’வுக்குக் கிடைக்கும் இடம் வேறு, கொக்கி சுமக்கும் ‘க’வுக்குக் கிடைக்கும் இடம் வேறு.

விளையாடக் கூடாத இடங்களும் உண்டு. தமிழில் சில எழுத்துகளின் உயிர் ஒரு சின்னச் சுழியில் இருக்கிறது. ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் வித்தியாசம் தலையில் உள்ள அந்தச் சுழி மட்டுமே. மை பரவி அது அடைத்துக்கொண்டால் கோத்தகிரி கொத்தகிரி ஆகிவிடும். கொக்கியின் முனையை அழகுக்காகச் சுருட்டினால் ‘கி’ ‘கீ’ ஆகும். காலும் ‘ர’வும் கிட்டத்தட்ட ஒரே உடம்பு. ‘ர’வின் அடியில் உள்ள சாய்வைப் பல ஃபாண்டுகள் ‘ரி’யில் விட்டுவிடுகின்றன. பத்திரிகை வரியில் அது சரிதான், தெரிந்த சொல்லாக இருந்தால் கண் தானே படித்துக்கொள்ளும். புதுப் பெயருக்கு அந்தச் சாய்வை நான் விட மாட்டேன். பிரஸ்காரர் சொன்ன ‘அடைத்துக்கொள்வது’ இந்த இடங்களில்தான் நடக்கிறது. தடித்த ஃபாண்டாக இருந்தால் உள்வெளி, அதாவது எழுத்துக்கு உள்ளே இருக்கும் வெள்ளை இடம், முதலில் மூடும். எழுத்தைப் பெரிதாக்குவது மட்டும் இதற்குத் தீர்வாகாது, உள்ளே இருக்கும் வெள்ளையைப் பெரிதாக்கி வரைய வேண்டும்.

மலை, பனி, கொழுந்து. வீட்டில் கேட்பது நியாயம்தான், பிழைப்பே அதில் இருக்கிறது. ஆனால் மூன்றையும் எழுத்துக்குள் திணிக்க வேண்டாம். பனி என்றால் மங்கலாகக் கரையும் நிறம் வேண்டும். ரப்பர் ஸ்டாம்பிலும் துணிப்பை ஸ்கிரீன் பிரிண்டிங்கிலும் அது வராது. மலைக்கோடு எல்லோரிடமும் இருக்கிறது. மிச்சம் கொழுந்து. எந்த டிசைனரும் முதலில் கை வைப்பது புள்ளியில்தான்: வட்டத்தை எடுத்துவிட்டு இலையை வைப்பார். பெரிதாகப் பார்த்தால் நன்றாக இருக்கும். பையின் ஓரத்தில் சிறிதாக அடித்தால் இலை ஒரு கீறலாகிவிடும், சொல்லில் மெய் எழுத்து காணாமல் போகும். ஓலைச்சுவடிகளிலும் பல கல்வெட்டுகளிலும் புள்ளி இல்லாமலே எழுதினார்கள் என்பது உண்மை. படிப்பவர் இடம் பார்த்துச் சேர்த்துக்கொண்டார். உங்கள் பையில் அப்படி இடம் பார்க்க முன்பின் வரி எதுவும் இல்லை, ஒற்றைச் சொல்தான் இருக்கிறது. புள்ளி புள்ளியாகவே இருக்கட்டும், கொஞ்சம் பெரிதாகவே இருக்கட்டும்.

படமே இல்லாமல் எழுத்து மட்டும் பேசுமா என்று உங்கள் வீட்டில் கேட்பார்கள். ஓவியர் கே. எம். ஆதிமூலம் சிறுபத்திரிகைகளுக்கும் நூல் அட்டைகளுக்கும் எழுதிய தலைப்பு எழுத்துகளைத் தேடிக் காட்டுங்கள். படம் எதுவும் இல்லாமலே அதில் ஒரு குரல் கேட்கும். அவரைப் போலவே எழுதித் தரச் சொல்ல வேண்டாம், டீ பைக்கு அந்த முரட்டுத்தனம் ஒத்துவராது. ஒரு கோடு எவ்வளவு தூரம் போகலாம் என்று தெரிந்துகொள்ள அது உதவும். கொழுந்து வேண்டியே தீர வேண்டும் என்றால் எழுத்துக்கு வெளியே, தனியாக, தேவைப்படும்போது எடுத்துவிடக்கூடிய சின்ன முத்திரையாக இருக்கட்டும்.

துதிக்கை ‘லை’ பற்றி. மகளின் ரசனை எனக்குப் பிடித்திருக்கிறது. ணை, லை, ளை, னை நான்கும் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்பு எழுத்தோடு ஒட்டிய, யானைத் துதிக்கை போன்ற அந்த வளைவோடுதான் அச்சாகின, இன்றும் சில பழைய கடைப் பலகைகளில் பார்க்கலாம். வரைபவருக்கு அது விருந்து. ஆனால் உங்கள் பையை வாங்குபவர்களில் பெரும்பாலானோர் அதற்கப்புறம் பள்ளிக்கூடம் போனவர்கள். சுற்றுலா வந்த இடத்தில், கையில் குழந்தையை வைத்துக்கொண்டு, தட்டைப் பார்க்கிறவர் அந்த எழுத்தில் ஒரு நொடி தடுக்கினால் அடுத்த பைக்குப் போய்விடுவார். லோகோவில் இப்போதைய ‘லை’யே இருக்கட்டும். பையின் பக்கவாட்டில் தோட்டத்தின் கதையை நாலு வரி எழுதுவீர்கள் அல்லவா, அந்தத் தலைப்பில் மகள் ஆசைப்பட்டபடி போட்டுக்கொள்ளட்டும்.

ஆங்கிலப் பெயர். இங்கேதான் நிறைய லோகோக்கள் கெட்டுப்போகின்றன. ஆங்கிலத்தை முதலில் முடித்துவிட்டு, அதன் தடிப்பையும் மெலிவையும் தமிழுக்கு மாட்டிவிடுவார்கள். ஆங்கில எழுத்தின் தடிப்பு மெலிவு பட்டைப் பேனாவில் பிறந்தது. நம் எழுத்து எழுத்தாணியால் ஓலையில் கீறியது, கோடு முழுக்கக் கிட்டத்தட்ட ஒரே கனம். தமிழில் தடிப்பு மெலிவு கூடவே கூடாது என்று சொல்லவில்லை, தூரிகையில் எழுதினால் தானாகவே வரும். கடன் வாங்கியதாக வரக் கூடாது, அவ்வளவுதான். தமிழை முதலில் வரையச் சொல்லுங்கள். அது ஒப்புதல் ஆன பிறகு, அதே கோட்டுக் கனத்தில், அதே மாதிரியான முனைகளோடு ஆங்கிலம் வரட்டும். ஆங்கில ‘ஜி’யைத் தமிழ் ‘க’ மாதிரி வளைக்கும் வேலை வேண்டாம், இரண்டு மொழிக்காரருக்கும் அது அந்நியமாகத் தெரியும். இன்னொன்று, தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதம் இல்லை. ஆங்கிலத்தை முழுக்கப் பெரிய எழுத்தில் போட்டால் அது தமிழை மிரட்டும். உயரத்தை அளவுகோலால் சமப்படுத்தாமல் கண்ணால் சமப்படுத்த வேண்டும். வீட்டு முன்னால் கடைப் பலகை வைக்கிற யோசனை இருந்தால், தமிழ்நாட்டு விதிப்படி தமிழ் முதலிலும் பெரிதாகவும் இருக்க வேண்டும். அதனால் தமிழ் மேலே, ஆங்கிலம் கீழே என்ற அமைப்பிலேயே தொடங்கிவிடுவது நல்லது.

உங்கள் டிசைனர் கோவையில் இருக்கிறார் என்பதால் ஒரு விஷயத்தை அவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருப்பதால் உங்கள் பொருள் பழுப்புக் காகிதத்திலும் துணியிலும்தான் போகும். வழவழப்பு லேமினேஷனை மனதில் வைத்து வரைந்த மெல்லிய கோடு, பழுப்புக் காகிதம் மையை உறிஞ்சிப் பரப்பும்போது தடித்துவிடும். ஸ்கிரீன் பிரிண்டிங்கில் அதே கோடு அறுந்தும் போகலாம். அரை மில்லிமீட்டருக்குக் குறைவான கோட்டையோ இடைவெளியையோ நான் பை வேலைக்குக் கொடுப்பதில்லை. உங்கள் காகிதத்தில் இரண்டு துண்டை உறையில் போட்டு அவருக்கு அனுப்பிவிடுங்கள். அதில் அச்சடித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

டிசைனரிடம் என்ன கேட்க வேண்டும் என்று கேட்டீர்கள். வேலை எப்படிப் போக வேண்டும் என்பதிலிருந்து தொடங்குகிறேன். முதல் சுற்றில் பென்சில் வரைவுகள் மட்டும், அதிலும் நாலைந்து வேறு வேறு திசையில். அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்த பிறகு கறுப்பு வெள்ளையில் சுத்தமான வடிவம். நிறம் கடைசியில். முதல் நாளே டீ கப்பிலும் டி-ஷர்ட்டிலும் போட்டுக் காட்டும் படங்களை அனுப்பினால் மயங்காதீர்கள், அதில் எந்த எழுத்தும் நன்றாகத்தான் தெரியும். கறுப்பு வடிவம் வந்ததும் வீட்டிலேயே சோதிக்கலாம். இரண்டு சென்டிமீட்டர் அகலத்தில் பிரிண்ட் எடுங்கள், அதை ஜெராக்ஸ் எடுங்கள், ஜெராக்ஸை இன்னொரு ஜெராக்ஸ் எடுங்கள். எந்தச் சுழி முதலில் மூடுகிறது என்று தெரிந்துவிடும். தாளைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள், சொல் மறைந்து கறுப்பும் வெள்ளையும் மட்டும் தெரியும். எங்கே ஓட்டை விழுந்திருக்கிறது, எங்கே நெரிசல் என்பது அப்போது புலப்படும். பெயரை முன்பே அறியாத ஒருவரிடம், முடிந்தால் கொஞ்சம் வயதானவரிடம், கொடுத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். ‘நல்லா இருக்கா?’ என்று கேட்காதீர்கள், எல்லோரும் நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள்.

பணத்தை மூன்றாகப் பிரித்துக் கொடுங்கள்: தொடங்கும்போது கொஞ்சம், வரைவு தேர்வானதும் கொஞ்சம், கோப்புகள் கைக்கு வந்ததும் மீதி. எத்தனை திருத்தம் கட்டணத்துக்குள் அடக்கம் என்பதையும் முன்பே எழுதிக்கொள்ளுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, டிசைனருக்கும் அதுதான் நிம்மதி.

இப்போது யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி. பணம் கொடுத்துவிட்டோம், அதனால் நமக்குச் சொந்தம் என்று பலர் நினைக்கிறார்கள். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின்படி, சம்பளத்துக்கு உங்களிடம் வேலை பார்க்காத ஒருவர் இப்படி வரைந்தால் பொதுவாக உரிமை வரைந்தவரிடமே இருக்கும். அதை உங்களுக்கு மாற்றித் தருவதாக எழுத்தில், அவர் கையெழுத்தோடு வாங்க வேண்டும். அந்தத் தாளில் காலமும் இடமும் குறிப்பிடாவிட்டால் சட்டம் அதை ஐந்து ஆண்டு என்றும் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் எடுத்துக்கொள்ளும். அதனால் ‘பதிப்புரிமைக் காலம் முழுவதும், உலகம் முழுவதும்’ என்ற சொற்கள் அதில் இருக்கட்டும். தன் வேலை மாதிரிகளில் காட்டிக்கொள்ள அவருக்கு அனுமதி கொடுத்துவிடுங்கள், அது மரியாதை.

இதோடு வர்த்தகக் குறி (டிரேட்மார்க்) பதிவு வேறு. அதில் பொருள்களை வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள், டீ வருவது 30-ஆம் வகுப்பு. தனிநபரும் சிறு தொழில் செய்பவரும் ஆன்லைனில் விண்ணப்பித்தால் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய் கட்டணம். பதிவு 10 ஆண்டுக்குச் செல்லும், பிறகு புதுப்பித்துக்கொண்டே போகலாம். தமிழில் உள்ள குறிக்கு அதன் உச்சரிப்பையும் பொருளையும் ஆங்கிலத்திலோ இந்தியிலோ தர வேண்டும். எழுத்து வடிவத்தை லோகோவாகப் பதிந்தால் அந்த வடிவத்துக்குப் பாதுகாப்பு, சொல்லை மட்டும் பதிந்தால் எந்த வடிவத்தில் எழுதினாலும் பாதுகாப்பு. உங்கள் பெயர் ஊர்ப் பெயரோ ‘மலைத் தேயிலை’ போன்ற பொதுச் சொல்லோ அல்ல என்பதால், கையில் பணம் இருந்தால் சொல்லையே முதலில் பதியப் பாருங்கள். டிசைனருக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்னால், அதே பெயர் ஏற்கெனவே 30-ஆம் வகுப்பில் இருக்கிறதா என்று வர்த்தகக் குறிப் பதிவகத்தின் இணையதளத்தில் தேடிவிடுங்கள். தேடுவதற்குக் கட்டணம் இல்லை. பதிவு ஆவதற்கு முன்பு வட்டத்துக்குள் ‘ஆர்’ போடும் குறியைப் பையில் அடிக்க வேண்டாம், அது குற்றம்.

கோப்புகள் விஷயத்தில் ஏமாந்துவிடாதீர்கள். வாட்ஸ்அப்பில் வரும் ஜேபெக் படம் போதாது. எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாத வெக்டர் கோப்பாக, பிடிஎஃப் ஒன்றும் எஸ்விஜி ஒன்றும், எழுத்துகள் எல்லாம் கர்வ் ஆக்கப்பட்டு, அதாவது ஃபாண்டாக இல்லாமல் கோட்டு வடிவமாக மாற்றப்பட்டு, வர வேண்டும். கர்வ் ஆக்காமல் ஆங்கிலப் பெயரோ கீழ்வரியோ ஃபாண்டாகவே இருந்தால், பிரஸ் கம்ப்யூட்டரில் அந்த ஃபாண்ட் இல்லாதபோது கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமும் ஓடும். ஒரே நிறத்தில் ஒன்று, கறுப்பின் மேல் வெள்ளையாக ஒன்று, சின்ன அளவுக்கென்று உள்வெளியை அகலப்படுத்தித் தனியாக வரைந்தது ஒன்று. கடைசியாகச் சொன்னதைக் கேட்டு வாங்க வேண்டும், கேட்காமல் பெரும்பாலும் தர மாட்டார்கள். வெள்ளை எழுத்தும் கறுப்பை அப்படியே திருப்பிப் போட்டதாக இருக்கக் கூடாது. இருட்டுப் பின்னணியில் மை உள்ளே நெருக்கி வெள்ளைக் கோடுகளைத் தின்னும், அதற்கு ஏற்றபடி கொஞ்சம் தடிமன் சேர்த்திருக்க வேண்டும்.

பழைய பைகளைத் தூக்கிப் போட வேண்டாம். புது எழுத்து முடிந்ததும் அதில் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்துகொள்ளுங்கள். பழைய பெயரின் மேல் ஒரு வெற்றுக் காகித லேபிளை ஒட்டி, அதில் ஸ்டாம்ப் குத்தி, இருப்பு தீரும்வரை விற்றுவிடலாம். எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு) எண்ணும் எடையும் விலையும் லேபிளுக்குள் மறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்டாம்பில் எந்த இடம் மை கட்டுகிறது என்று ஒரு வாரத்தில் உங்களுக்கே தெரிந்துவிடும். அதை டிசைனரிடம் சொல்லிச் சரிசெய்த பிறகு புதுப் பைகளுக்கு ஆர்டர் கொடுங்கள்.